அழுக்குப் படாத டை

ஆவடிப் பக்கம் நான் கொஞ்ச காலம் போய்வந்த துப்பாக்கி சுடும் கிளப்பில் ஒரு ஸ்டோர்கீப்பர் இருந்தார். ஒல்லியான ஆள். பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எப்போதும் காதில் செருகியிருப்பார்.

சுட்டதும் விரிந்துவிடும் காலித் தோட்டாவை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுக்கு டை என்று பெயர். உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்த டை அங்கே இருந்தது. தோட்டாவை மறுபடி நிரப்ப அனுமதி கிடைக்காததால் அதை யாரும் பயன்படுத்தியதேயில்லை. ஆனாலும் இவர் ஞாயிறுதோறும் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, குச்சியை உள்ளே விட்டுத் துடைத்து, எண்ணெய் பூசி வைப்பார்.

"அழுக்கே படலியே அண்ணாத்தே, எதுக்குக் கழுவுறீங்க?" என்று கேட்டேன்.

"அழுக்கு பட்டப்புறம் எல்லாருந்தான் கழுவுவான்," என்றார்.

ஒருநாள் அனுமதி வந்துவிட்டது. செயலாளர் லட்டு டப்பாவோடு வந்து டையைக் கேட்டார்.

"உள்ள துரு புட்ச்சிக்கீது சார். தோட்டா மாட்டிக்கும். வேற வாங்கிடுங்க," என்றார் இவர், கூசாமல்.

"இத்தனை வருஷமா என்னத்தைய்யா தொடச்சே? தண்டச் சம்பளம்!" என்று செயலாளர் கத்தினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

செயலாளர் போனதும் நான் டையை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது.

"எங்க அண்ணாத்தே துரு?"

"கீழ வெச்சிடு நைனா. கை ரேகை படுது பாரு."

பிறகு புது டை வந்தது. தோட்டாக்கள் நிரம்பின. அந்தப் புது டையை மட்டும் அவர் ஒருநாளும் துடைத்து நான் பார்த்ததில்லை. அவரைச் சோம்பேறி என்றுதான் கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். மறுத்துப் பேச என்னை அவர் விடவில்லை.