எங்கள் லைனை விட்டுப் போன கலா

இன்று எங்கள் லைனில் ஒரு மெஷின் ஓடவில்லை.

மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. அதில் தைத்தவள் வேலையை விட்டுவிட்டாள்!

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் நான் தைக்கிறேன். ஒரே வரிசையில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் ஒரு லைன். பக்கத்து மெஷின் கலாவுடையது.

ஷர்ட்டுக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச எங்கள் லைனில் ஆள் கிடையாது. என் நூல் அறுந்தால், நான் திரும்புவதற்குள் அவள் கை வந்து கோத்துவிட்டுப் போயிருக்கும். (நான் நூல் அறுக்காத நாளே இல்லை, அது வேறு கதை!)

எங்கள் கூட்டில் மூன்றாவது ஆள் தர்ஷினி. மூவருமே தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவோம். முதலில் ஏறுகிறவள் மற்ற இருவருக்கும் இடம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பதுளை வரைக்கும் சண்டை!

கலாவுக்கு மகன் பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் எங்களில் முதலில் அவனைத் தூக்கியது தர்ஷினிதான்.

இந்த வருஷம் தர்ஷினியை சூப்பர்வைசராகப் போட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்! கேக் வாங்கி வந்ததே கலாதான்.

கேக் வெட்டி முடித்ததும் தர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"லைன்ல மட்டும் என்னைய மிஸ்னு கூப்பிடுங்கடி. மேனேஜர் சொல்லிட்டாரு."

"சரிங்க மிஸ்!" என்று கலா சல்யூட் அடித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

டார்கெட் வராத நாளில் மேனேஜர் எல்லார் முன்னாலும் தர்ஷினியைப் பார்த்துக் கத்துவார். அவள் அதை அப்படியே கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுவாள். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது கலாதான்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் தர்ஷினியிடம் கேட்டேன்.

"ஏன்டி அவளையே போட்டு ஏசுற?"

"அவள விட்டுட்டு மத்தவங்கள ஏசினா, கூட்டாளிக்குச் சலுகை குடுக்குறேன்னு பேசுவாங்க. நான் என்னடி செய்ய?"

போன மாதம் கலாவின் மகனுக்குக் காய்ச்சல். பிள்ளையை டாக்டரிடம் காட்ட அரை நாள் லீவு கேட்டாள்.

"ஒங்க வீட்டுப் பிரச்சினையெல்லாம் கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வாங்க!" லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி தர்ஷினி சத்தம் போட்டாள்.

'வாடி' இல்லை. 'வாங்க'!

கலா குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். மடியில் கிடந்த துணி மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் வைத்த காலர்கள் பிழை என்று திரும்பி வரத் தொடங்கின. கலா தைத்ததா இது என்று செக்கிங்கில் இருக்கிற பிள்ளைகளே நம்பவில்லை. ஏச்சு விழ விழப் பிழை கூடியது. பிழை கூடக் கூட ஏச்சும் கூடியது. சாப்பாட்டு நேரத்தில் டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதுடி" என்றாள் என்னிடம்.

போன வாரம் மெஷின் ஊசி அவள் விரலில் இறங்கிவிட்டது.

சிக் ரூமுக்கு முதல் ஆளாக ஓடியது தர்ஷினிதான். கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கலா, என்னடி இது..."

கலா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஒன்னுமில்லங்க மிஸ்."

இன்று காலை கலா வந்தது வேலைக்கு இல்லை, ஆபீசில் ஐடி கார்டை ஒப்படைக்க. கேட் அருகில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேலை கஷ்டம்னு போகலடி. தைக்கிறது எனக்கு உசுரு. ஆனா காலையில எந்திரிச்சதும் அவ மொகந்தான் முன்னுக்கு வருது. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா அவள வெறுத்துருவேன். அது எனக்கு வேணாம்."

"இனி என்ன செய்யப் போற?"

"மலைக்குப் போறேன். மாமிகூடக் கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சாச்சு."

தேயிலை மலைக்குப் போகவே மாட்டேன் என்று வீட்டில் அடம்பிடித்துத் தையல் பழகியவள் அவள்!

இன்றைக்கும் டார்கெட் வரவில்லை. மேனேஜர் கத்தினார். சாயங்காலம் பஸ்ஸில் தர்ஷினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கூப்பிட்டா வரமாட்டா. நீ சொன்னா கேப்பா. வரச் சொல்லுடி."

"டார்கெட்டுக்கா, ஒனக்கா?" கேட்டே விட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவளுக்கும் மேலே ஒருவர் நின்று கத்துகிறாரே!

வீட்டுக்கு வந்ததும் கலாவுக்குப் போன் எடுத்தேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்:

"நேத்துதான்டி நல்லாத் தூங்கினேன். விடிஞ்சதே தெரியல."

கேட்க நினைத்த எதையும் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நாளைக்குப் பஸ்ஸில் ஏறியதும் தர்ஷினி என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அவளிடம் நான் என்ன சொல்ல? யாராவது சொல்லுங்களேன், ப்ளீஸ்.