அப்பா சாப்பிட்ட சாக்லேட் கிரேம்

சாக்லேட் கிரேம் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தவள் கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழி. அவளும் காரைக்கால்காரிதான். உறவினர்களில் பாதிப்பேர் பிரான்சில் இருந்ததால் அவள் வீட்டில் அதை ‘கிரேம்’ என்றே சொல்வார்கள். பாலில் கோகோ பவுடர், சர்க்கரை, சோளமாவு கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, இறக்கும்போது கொஞ்சம் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட வேண்டும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். முட்டை கிடையாது என்பதால் சனிக்கிழமையும் செய்யலாம். கல்யாணமாகி காரைக்கால் டவுனில் குடிவந்த பிறகு, என் மகளுக்காக அடிக்கடி செய்வேன்.

அப்பா அதைத் தொட்டதில்லை. சுரக்குடியில் நெல் விவசாயம் செய்தவர். சோறு, குழம்பு, மோர், அத்தோடு கை கழுவிவிடுவார்.

சம்பா நடவு முடிந்த சமயம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “தண்ணியா எதுவும் குடுக்காதீங்க, புரை ஏறிடும். கெட்டியா, வழவழன்னு இருக்கணும்.”

பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். அம்மாவும் கூட வந்தார். கேழ்வரகுக் கூழும் குழைந்த பருப்புச் சோறும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். அம்மா கரண்டியை வாயருகே கொண்டுபோவார். உதட்டோரத்தில் வழிவதைத் துண்டால் துடைப்பார். இரண்டாவது வாய்க்கு அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஆள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனார்.

ஒரு மத்தியானம், வேறு எதுவும் தோன்றாமல், சர்க்கரையைக் குறைத்துப் போட்டு கிரேம் செய்து கொண்டுபோனேன்.

“என்னடி இது, புள்ளைங்க திங்கிறத அவருக்குப் போய்…” என்றார் அம்மா.

“அப்பா, வாயத் தொறங்க” என்றேன்.

அவர் திறக்கவில்லை. என் கையிலிருந்த கரண்டியையே பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கை நடுங்கியது. வாய்க்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. ஆனால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கிண்ணம் காலியாகும்வரை அவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

அதன்பின் தினமும் செய்தேன். சத்துக்காக அதில் பாதாம் அரைத்துச் சேர்த்தேன், சர்க்கரையை மட்டும் கூட்டவில்லை. அப்பாவுக்கு சாக்லேட் பிடித்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பேச்சு திரும்ப மாதங்கள் ஆயின. சொற்கள் ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து வந்தன. ஒருநாள் நான் கேட்டேன்: “அப்பா, கிரேம் உங்களுக்கு அவ்ளோ பிடிச்சுப் போச்சா?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“ருசிக்கா தின்னேன்? கரண்டில… நின்னுச்சு பாப்பா. வழியல. அதான்.”

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். தன் கையால் சாப்பிட வேண்டும், யாரும் வாயைத் துடைக்கக் கூடாது. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பிறகு இடது கையாலேயே சோறு சாப்பிடப் பழகினார். தடி ஊன்றி நடந்தார். ஊருக்குத் திரும்பி, வரப்போரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அறுவடையும் பார்த்தார். கிரேமை மறுபடி கேட்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் இரண்டாவது முறை வாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அம்மா என்னோடு வந்து தங்கியிருந்தபோது, “அவருக்குச் செஞ்ச மாதிரியே ஒரு கிண்ணம் செஞ்சு குடுடி” என்று கேட்டார். அத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்தும் அம்மா அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

முதல் கரண்டியிலேயே முகத்தைச் சுளித்தார்.

“இவ்ளோ கசக்குதே. இதையா மனுஷன் தெனம் தின்னாரு?”

“சர்க்கரை போடட்டுமாம்மா?”

“வேணாம்” என்று சொல்லிவிட்டு, மெதுவாக, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.