ஒரீஸ்யாவின் உள்ளங்கை

வலது கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்பதாம் நம்பர் மோட்டார்ஹோமின் பக்கவாட்டில் இருக்கும் ஹீட்டர் புகைவாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டுகிறார் ஒரீஸ்யா ஹனாட்யுக். வெதுவெதுப்பான காற்று கையில் படுகிறது. தலையை ஆட்டிவிட்டுப் பத்தாம் நம்பருக்கு நகர்கிறார். அங்கே காற்று வரவில்லை. கேஸ் ஹீட்டர் நடுநடுவே ஓய்வெடுக்கும் என்பதால் ஐந்து நிமிடம் கால் மாற்றி நின்று பார்க்கிறார். உறுமிக்கொண்டு அது கிளம்பியதும், "வந்துட்டியா ராஜா?" என்று வண்டியின் விலாவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வீட்டு வண்டிகள் நிற்கும் எங்கள் பார்க்கில் குளிர்காலம் முழுக்க வண்டியிலேயே குடியிருப்பவர்கள் முப்பத்திரண்டு குடும்பம். மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்பவர்கள், எண்ணெய்க் கிணற்று ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள். மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை ஒரீஸ்யாவின் இந்தச் சுற்று உண்டு. பார்க் நிர்வாகம் கொடுத்த வேலை இல்லை. கேட்டால், "உங்க வீட்டுப் பைப்பு உறைஞ்சா நடுராத்திரி என் கதவைத்தானே தட்டுவீங்க? என் தூக்கத்துக்காகச் சுத்தறேன்" என்பார். வயது அறுபத்து நான்கு. தொழில், முடி வெட்டுவது.

சலூனும் அவருடைய வண்டிதான். ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கம் திருப்பிவிட்டால் அது சலூன் நாற்காலி. நமக்கு எதிரே கண்ணாடி இருக்காது. அடுப்பில் முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய சோறு வெந்துகொண்டிருக்கும். எப்படி வெட்ட வேண்டும் என்று யாரையும் கேட்டதில்லை. "எதுக்குக் கேக்கணும் கண்ணு? உன் தலை என் முன்னாடிதானே இருக்கு." தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் எந்தத் தலையிலும் ஊற்ற மாட்டார். கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிய ரோஸ் நிற ஹேர் டிரையர் ஒன்று வைத்திருக்கிறார். இந்தப் பார்க்கின் தலைகளை எல்லாம் உலர்த்தியதும் அதுதான். உறைந்த பைப்புகளை எல்லாம் இளக்கியதும் அதுதான்.

என் முதல் குளிர்காலத்தில் நான் செய்த அறிவாளித்தனத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உறையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குழாயை இரவெல்லாம் சொட்ட விட்டேன். கழிவுநீர் வால்வையும் திறந்து வைத்துவிட்டேன். சொட்டிய தண்ணீர் வெளியே போகும் குழலுக்குள் சொட்டுச் சொட்டாக உறைந்து, காலையில் பத்தடி நீளத்துக்கு ஒரு பனித் தடி கிடைத்தது. அதைப் பார்த்து ஒரீஸ்யா பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "இவ்ளோ பெரிய குச்சி ஐஸ் செஞ்சிருக்கியே, யாருக்குக் கண்ணு?" என்றார். எட்டு வருஷம் ஆகிறது, இன்னமும் எனக்கு அவர் வைத்த பேர் ஐஸ் வியாபாரிதான். அன்று மதியத்துக்குள் அதை இளக்கி, கழிவுநீருக்கு வழிவிட்டுவிட்டார். அதனால் எந்தப் பேர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

போன வெள்ளிக்கிழமை காலைச் சுற்றில் பதினாலாம் நம்பரின் புகைவாய் சில்லென்று இருந்தது.

பதினாலில் இருப்பவர்கள் ரோலண்டும் அவர் மனைவி பெவ்வும். நவம்பரில் பெவ் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை செய்த இடம் சீழ் பிடித்து, ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மரிசெல் என்ற நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறார். நர்ஸை அனுப்புபவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டில் வெந்நீர் வர வேண்டும். வராவிட்டால், இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பராமரிப்பு விடுதிக்குப் பெவ் போயாக வேண்டும். ரோலண்டுக்குக் கண் மங்கி, வண்டி ஓட்டும் உரிமம் போய்விட்டது. நாற்பத்தொரு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவர்கள், பனி உருகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

நான் துணி துவைக்கும் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஒரீஸ்யா பதினாலின் கதவைத் தட்டினார். ரோலண்ட் பனியன் மட்டும் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"உன் ஹீட்டர் செத்துப்போச்சா ரோலண்ட்?"

"உஷ், மெதுவாப் பேசு. நான்தான் அணைச்சு வெச்சேன். உள்ள ரெண்டு கரண்ட் ஹீட்டர் ஓடுது. வந்து பாரு, சட்டையே வேணாம்."

"எத்தனை நாளா?"

"முந்தாநாள்லேர்ந்து."

"போய்க் குழாயைத் திற."

திறந்தார். குழாய் ஒரு விக்கல் விக்கியது, இரண்டு சொட்டு விட்டது, நின்றுபோனது.

கேஸ் ஹீட்டர் தன் சூட்டில் ஒரு பங்கை வண்டியின் அடிவயிற்றுக்கும் அனுப்புகிறது. பைப்புகள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. கரண்ட் ஹீட்டர் மனிதர்களை மட்டும்தான் கவனிக்கும். பார்க்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் ஒரீஸ்யாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"நீ மட்டும் பனியனோட கதகதப்பா நிப்ப, வண்டி வயித்துக்கு யாருய்யா சூடு குடுப்பா? எழுபத்திரண்டு வயசு, பார்க்குல இருவது குளிர்காலம்! நம்ம ஐஸ் வியாபாரி செஞ்சாக்கூட ஒத்துக்குவேன், நீயா?"

ரோலண்ட் படியைப் பார்த்தபடி நின்றார். "தெரியும் ஒரீஸ்யா. அந்த ஹீட்டர் கிளம்புறப்பல்லாம் லாரி கிளம்புற சத்தம். ஒவ்வொரு தடவையும் பெவ் திடுக்குனு முழிச்சுக்கறா. முழிச்சா வலி, அப்புறம் தூக்கமே இல்ல. அணைச்சப்புறம்தான் ரெண்டு ராத்திரியா தூங்கறா. அஞ்சு மணி நேரம், ஒரே தூக்கம்."

ஒரீஸ்யா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நர்ஸ் எத்தனை மணிக்கு வர்றா?"

"ரெண்டு மணிக்கு." சொல்லும்போதே ரோலண்ட் அலமாரியிலிருந்து தீ ஊதும் டார்ச்சை எடுத்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார் ஒரீஸ்யா. "கொண்டுபோய் உன் வண்டியில பூட்டி வை. கீழ பிளாஸ்டிக் பைப்பு, மேல மரப்பலகை, அதுக்கு மேல பெவ். இதைக் கொளுத்தப் போறானாம்."

வண்டியின் அடியைச் சுற்றிக் குளிருக்குக் கட்டியிருந்த பாவாடையில் ஒரு தெர்மோகோல் பலகையைக் கழற்றினார். பழைய ரஜாய் ஒன்றை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தார். ஹேர் டிரையருக்கு என் வண்டியிலிருந்து வயர் இழுத்தோம். உள்ளே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கை கழுவும் தொட்டி அருகே நிற்பது என் வேலை. எப்போதும் குழாய்ப் பக்கத்திலிருந்துதான் அவர் ஆரம்பிப்பார்; இளகும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். டிரையரை ஓரிடத்தில் நிறுத்தாமல், ஈரத் தலையில் ஓட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஓட்டுவார். சூட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: "என் கை தாங்கினா அதுவும் தாங்கும்." தரைக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் பேசுவதுபோலவே பைப்போடும் பேசினார். "அசையாத. முடிஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. குழாய் வாய் திறக்கவில்லை. ஒருமுறை உள்ளே வந்து நின்றார், புருவமெல்லாம் வெள்ளை. ரோலண்ட் கொடுத்த காபியைக் குடிக்காமல், கோப்பையை உள்ளங்கையில் மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார். "கை மரத்துப்போச்சு. இதுக்கு உணர்ச்சி வந்தாத்தான் ஐஸ் எங்க இருக்குன்னு தடவிக் கண்டுபிடிக்க முடியும்" என்றார். திரும்பவும் அடியில் புகுந்தார். பம்புக்குப் பின்னால் பைப் மடங்கும் மூலையில்தான் ஐஸ் இருந்தது.

ஒன்று பத்துக்குக் குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. பழுப்பாகக் கொஞ்சம் கக்கியது. பிறகு தண்ணீர் நூலாக வந்து, கயிறாகத் தடித்தது. "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளறையிலிருந்து பெவ்வின் சிரிப்பு கேட்டது. "இந்தச் சத்தத்துக்கு முழிச்சா எனக்கு வலிக்காதுப்பா." ரோலண்ட் குழாய்க்கு அடியில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். அழுதார். நானும்தான்.

ஒரீஸ்யா உடனே வெளியே வரவில்லை. மடிப்பில் காகிதத் துண்டு சுற்றிக் காத்திருந்து, அது நனையவில்லை, பைப் வெடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் வந்தார். மரிசெல் வந்து வெந்நீரில் கை கழுவினார். ஒரீஸ்யாவின் கோட் முதுகு முழுக்க ஈரமாக இருப்பதைக் கண்டு, "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார்.

"பெவ்வுக்குத் தலை அலச வந்தேன். தண்ணி தெறிச்சிடுச்சு."

அது பொய் ஆகிவிடக் கூடாது என்றோ என்னவோ, கட்டு மாற்றி முடிந்ததும் மணிக்கட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்துப் பெவ்வின் தலையை அலசிவிட்டார். பிறகு தன் வண்டிக்குப் போய், சாக்ஸில் சுற்றி வைத்திருந்த பழைய குண்டு பல்பு இரண்டைக் கொண்டுவந்தார். கடைகளில் அவை கிடைப்பது நின்று வெகுநாளாகிறது. அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. "இப்ப வர்ற பல்பு வெறும் வெளிச்சம்தான் குடுக்குது, சூடே இல்ல. வெளிச்சத்தை வெச்சு நான் என்ன பண்ண?" கம்பிக் கூண்டுக்குள் போட்டு, எதிலும் உரசாமல், பம்புக்குப் பக்கத்தில் அவற்றைத் தொங்கவிட்டார். பெவ் விழித்திருக்கும்போது கேஸ் ஹீட்டர் ஓடட்டும். தூங்கும்போது அடிவயிற்றைப் பல்பு பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு.

ரோலண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நன்றியெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தப் பலகையை மாட்டு, குளிர் உள்ள போகுது பாரு."

அவரிடம் நன்றி சொல்வது எங்கள் யாருக்கும் கைகூடியதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்று மாலை மைனஸ் முப்பத்தெட்டு. பதின்மூன்றாம் நம்பரின் புகைவாயில் கையைக் காட்டிவிட்டு ஒரீஸ்யா நிற்கிறார். அடுத்தது பதினாலு. பெவ் சாயங்காலம் கொஞ்சம் கண்ணயரும் நேரம். மிதிபட்டு இறுகிய பாதைப் பனி, இந்தக் குளிரில் ஒவ்வொரு அடிக்கும் கீச்சென்று அலறும். ஒரீஸ்யா பாதையை விட்டு இறங்குகிறார். முழங்கால்வரை புதையும் பொதுபொதுப்பான பனியில், ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, பதினாலின் பின்புறம் சுற்றிப் போகிறார். பாவாடைப் பலகைகளின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. குனிந்து அதில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். வந்ததுபோலவே பனியை நீந்திப் பதினைந்துக்கு வந்து, அதன் படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி உள்ளே போன பனியைச் சத்தமில்லாமல் கொட்டுகிறார்.