பீங்கான் ஊரில் பிளாஸ்டிக் தொட்டி

கொரோனா ஊரடங்கில் விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளுக்குப் பூட்டுப் போட்ட நகராட்சி ஊழியன் நான். சந்தையில் மக்கள் கை கழுவ, வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் தொட்டிகளை வரவழைத்தவனும் நானே. வெயிலில் ஒரே மாதத்தில் எல்லாம் வெடித்துவிட்டன.

அவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது பட்டறைத் தொழிலாளி செல்வி வந்தார்.

"ஓரம் மூளியான வாஷ்பேசினு எங்க பட்டறையில குவிஞ்சி கெடக்குது சார். வேலையில்லாம வூட்லதான இருக்கறோம், நாங்களே பதிச்சித் தர்றோம். பீங்கான் ஊருல பிளாஸ்டிக்கு எதுக்குங்க?"

தன் பிழைப்பைப் பூட்டியவனிடமே வந்து கேட்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாளே அனுமதி வாங்கி, நான் போட்ட பூட்டை நானே திறந்தேன்.

சந்தை இன்றும் அந்த மூளித் தொட்டிகளில்தான் கை கழுவுகிறது. இப்போதெல்லாம் ஊருக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எதற்கும் பேனாவை எடுக்கிறேன்.