முழங்கால் ஆய்வும் ஒரு கைக் கொழுந்தும்

1. வலிக்கு ஒரு அடிமட்டம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு அடிமட்டத்தைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கட்டுக் காகிதம். ஒவ்வொரு தாளிலும் பத்து சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு. இடது முனையில் ‘வலியே இல்லை’, வலது முனையில் ‘தாங்கவே முடியாத வலி’. நோயாளி கோட்டில் எங்காவது ஒரு கீறு போட வேண்டும். நான் அடிமட்டம் வைத்து அளந்து போர்மில் எழுத வேண்டும்.

இரண்டே நாளில் அந்தக் கோடு படுத்துவிட்டது. தோட்டத்துப் பெண்கள் பேனையை வாங்கி, கோட்டின் மேலேயே இன்னொரு கோட்டை அழகாக இழுத்துத் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு வாயால் நம்பர் கேட்பது என்று முடிவானது. பூச்சியத்திலிருந்து பத்து வரை.

முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு புது ஊசி பலன் தருகிறதா என்பதுதான் ஆய்வு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடும் டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று ஊசி, அதன் பிறகு கடைசி விசிட்.

போர்ம் வெளிநாட்டில் செய்தது. ‘குளியல் தொட்டிக்குள் இறங்கும்போது வலிக்கிறதா?’, ‘காரிலிருந்து இறங்கும்போது வலிக்கிறதா?’ என்று கேட்டது. அதை ‘கக்கூசில் குந்தும்போது’, ‘கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது’ என்று மாற்ற நாங்கள் இரண்டு மாதம் கடிதம் எழுதினோம். கிளினிக் இருந்த இடத்தைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். கண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, வாடகைக்கு எடுத்த வீட்டின் மேல்மாடி. முழங்கால் நோயாளிகளுக்கு மாடியில் கிளினிக் வைத்த புத்திசாலி யாரென்று எனக்கு இன்று வரை தெரியாது.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. கடைசி விசிட்டில் ஆறும் அதற்கு மேலும் சொல்கிறவர்களின் பெயர் எலும்பு டொக்டரின் லிஸ்ட்டுக்குப் போகும். அந்த லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குச் செயற்கை முழங்கால் மூட்டு ஒன்றை ஆய்வே வாங்கிக் கொடுக்கும். ஆனால் இதை நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோரும் பத்து என்பார்கள் என்று பெரிய டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையான மனிதர். விதியில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

2. பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். ஐம்பத்திரண்டு வயது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் சுகந்தி ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வலது முழங்கால் உள்பக்கமாக வளைந்து, எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு ஒட்டிக் கிடந்தது. முதல் விசிட்டில் எத்தனை என்று கேட்டேன்.

“எட்டுன்னு போடுங்க மிஸ். மழ நாள்னா ஒம்போது.”

படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருந்தது. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலால் பார்த்தால் முழுதாகத் தெரியும். அவர் படியில் நேராக இறங்கவே மாட்டார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை முதலில் மேல்படியில் நிறுத்தி, மற்றதைத் தூக்கிக் கீழே வைப்பார். பன்னிரண்டு படி. நான் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை எழுத போர்மில் கட்டம் இல்லை.

3. பஸ்ஸில் நான் திறந்த வாய்

நான் தெல்தோட்டைக்குப் போகும் வழியில் கலஹாவில் இருந்தேன். கண்டியில் தெல்தோட்டை பஸ் எடுத்தால் நானும் அக்காவும் பெரும்பாலும் ஒரே பஸ். மூன்றாவது ஊசி போட்ட அன்று பக்கத்துப் பக்கத்து சீற்றில் இடம் கிடைத்தது.

பேராதெனிய தாண்டும்வரை அவர்தான் பேசினார். மலையில் இப்போது சரிவுப் பக்கம் நிற்க முடியவில்லையாம். அன்றாடம் பறிக்க வேண்டிய நிறை அவருக்கு வருவதில்லையாம். நிறை வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் கணக்குத்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் போகுமுன் பக்கத்து நிரைப் பெண்கள் ஆளுக்கொரு கை தங்கள் மூட்டையிலிருந்து எடுத்து இவர் மூட்டையில் போட்டுவிடுவார்களாம். கேட்டு வாங்குவதில்லை, சொல்லிக் கொடுப்பதுமில்லை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான், எனக்கு அது புதிதில்லை. தோட்டத்துப் பதிவில் பெயர் இருக்கும்வரைதான் லயத்துக் காம்பிரா, அந்த வரிசை வீட்டு அறை. பெயரை வெட்டிவிட்டால் வீட்டை விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயருக்குப் பதிலாகச் சுகந்தி மலைக்கு வர வேண்டும்.

“அவ பரீட்ச எழுதி முடிக்கிற வரைக்கும் இந்தக் காலு தாங்கினா போதும் மிஸ்,” என்றார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அன்று காலை அலுவலகத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. ஊசியில் நல்ல பலன் தெரியாவிட்டால் வருட முடிவோடு ஆய்வை மூடுவார்கள், எங்கள் ஐந்து பேருக்கும் வேலை போகும். என் அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். மனப்பாரம் தாங்காமல் முழுவதையும் அக்காவிடம் கொட்டினேன். நோயாளிகளுக்கு வலி குறையாவிட்டால் எங்கள் பாடு அதோகதிதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கேட்டார்: “அப்ப ஒங்களுக்கும் நெற வரணும், அப்டித்தானே?”

ஆமாம் என்றேன். நல்ல உவமை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

4. கடைசி விசிட்

அந்தத் தோட்டத்திலிருந்து பதினொரு பேர் ஆய்வில் இருந்தார்கள், மொத்தத்தில் அது ஏறத்தாழப் பாதி. எல்லோருக்கும் கடைசி விசிட் ஒரே நாளில். பாக்கியம் அக்கா மேலே ஏறி வர மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்தது. கதிரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் கேட்டேன்.

“ரெண்டு,” என்றார்.

விதிப்படி ஒரு தடவை திருப்பிக் கேட்கலாம். ஆனால் எந்த நம்பரையும் நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அக்கா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “யோசிச்சுத்தான் சொல்றேன் மிஸ். ரெண்டு போடுங்க.”

லிஸ்ட் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. ஆறு சொன்னால் மூட்டு கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை போதும். விதி என்று ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் விதியால் மட்டும் நான் பேசாமல் இருக்கவில்லை. அந்த இரண்டைக் கேட்டதும் என் மனம் குளிர்ந்தது. ஊசி வேலை செய்கிறது, என் வேலையும் தப்பிவிட்டது என்று நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். இரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பிறகு ஜன்னலால் பார்த்தேன். அவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு படி. மற்றப் பத்துப் பேரும் அன்று இரண்டும் மூன்றும்தான் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்து நல்ல பசியோடு சாப்பிட்டேன்.

5. உறை பிரித்த நாள்

மூன்று மாதம் கழித்து உறைகளைப் பிரித்தார்கள். மருந்து போட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அப்படியானால் மருந்துக்குப் பலன் இல்லை என்றுதான் கணக்கு சொல்லும். மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தத் தோட்டத்துப் பதினொரு பேரும் ஒருவர்கூட பிசகாமல் இரண்டும் மூன்றும் சொல்லியிருந்ததைப் பெரிய டொக்டர் பேனையால் வளைத்துக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு பஸ் ஞாபகம் வந்தது. மருந்து போட்டவரும் உப்புத் தண்ணீர் போட்டவரும் எனக்காக ஒரே மாதிரிக் குறைத்துச் சொன்னதில் வித்தியாசமே அழிந்துபோயிருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் புலம்பியதை, நிறை என்று அக்கா சொன்னதை, படிக்கட்டை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏன் பிள்ளை, இதை அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை?”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அவர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். உண்மையில் அந்த மருந்துக்குப் பலன் இருந்ததா, இல்லையா? யாருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை. பாக்கியம் அக்காவின் உறையைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர். மூன்று தடவையும் அந்த வளைந்த முழங்காலுக்குள் போனது உப்புத் தண்ணீர்.

அவரை லிஸ்ட்டில் சேர்க்கப் பெரிய டொக்டர் தானே நடந்து திரிந்தார். ஆய்வு மூடியதோடு அதற்கான மூட்டுகளும் நின்றுவிட்டன. பெரிய ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் பெயர் போட்டார்கள். முறை வரப் பல வருடம் ஆகும் என்றார்கள்.

6. தெல்தோட்டை

நான் அங்கே போனது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. உண்மையைச் சொன்னால், போக எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் வேறொரு ஆய்வில் எனக்கு வேலையும் கிடைத்துவிட்டது. அக்கா காப்பாற்ற நினைத்த வேலை அவ்வளவு சுலபமாகத் திரும்பக் கிடைக்கக் கூடியதாக இருந்தது.

அக்கா காம்பிரா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மழையில் சரிவில் விழுந்து, அதன் பிறகு மலைக்குப் போக முடியாததால் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாமென்று கையைப் பிடித்தேன். ஏன் அக்கா ரெண்டு சொன்னீங்க என்று கேட்டேன். நான் அழுதுவிட்டேன், அவர் அழவில்லை.

“எங்க மூட்டைக்கு எத்தன பேரு ஒரு கை போட்டிருக்காங்க,” என்றார். “ஒங்களுக்கு நாங்க போட மாட்டமா? எல்லார்கிட்டயும் நாந்தான் சொன்னேன்.”

அந்த நேரம் சுகந்தி மலையிலிருந்து வந்தாள். தலையில் கட்டிய துணி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, கையெல்லாம் கொழுந்துக் கறை. பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. என்னைப் பார்த்து “வாங்க மிஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நம்பர் கேட்கப் போகிற இடத்தில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள். அவர்கள் இல்லாதவர்கள்தான், ஆனாலும் கொடுத்துவிடுவார்கள். கண் ஒன்று பார்த்துக் காது வேறொன்று கேட்டால் பேனையைக் கீழே வைத்துவிட்டு மேலே உள்ளவரிடம் போய்ச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். இதை நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதால் அந்தக் கால் நேராகவில்லை, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

தேத்தண்ணி குடித்துவிட்டு நான் எழும்பியபோது அக்கா கேட்டார்:

“நெற வந்துச்சா மிஸ்?”

வந்துச்சுக்கா என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.