பெருவிரலில் மை இல்லை

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னது அவருடைய தம்பி மனைவி. வெள்ளனே எழுந்து சந்தைக்குப் போக வேண்டிய கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "பாக்கியக்கா, விடியக்காலையில போயிட்டாங்க. குளிப்பாட்டணும், வெரசா வாங்க" என்றாள். தம்பி பேசவில்லை. அவருக்கு என் மேல் கோபம். அது ஏன் என்றும் எழுதிவிடுகிறேன். சிஸ்டரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருவீர்கள். அன்று எழுந்து நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தெரிந்தபடி எழுதுகிறேன்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் ஆயா. வார்டைக் கழுவுவது போக எனக்கு இன்னொரு சோலி உண்டு. ஆபரேஷன் சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து, மையில் ஒற்றி, உருட்டுவது. அப்பாமல் ரேகை ரேகையாக விழும். அதில் எனக்குப் பெருமை.

பேத்துப்பாறையிலிருந்து மல்லிகா மூன்றாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து அசதியில் தூங்கினாள். "குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துப் பண்ணிருங்க, அவளுக்குச் சம்மதந்தான்" என்றார் புருஷன். டாக்டர் பேப்பர் கேட்டார். தூங்குகிறவளின் விரலை எடுத்து உருட்டிவிட்டேன். அவள் அசையக்கூட இல்லை.

சிஸ்டர் பேப்பரைப் பார்த்தார். "மல்லிகா என்ன சொன்னா?"

"தூங்குறா சிஸ்டர். வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. டாக்டர் கேட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?"

"அவர் சொன்னாரு, இவர் கேட்டாரு. உருட்டினது யாரு கை?"

பேப்பரைக் கிழித்துவிட்டு டாக்டரிடம் போனார். ஆபரேஷன் நின்றது. மறுநாள் மல்லிகாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். அவள் சிரித்தாள். "அதான் விரல்ல மையா? புள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கையில என் மேலயும் ஈஷிட்டீங்கன்னு நினைச்சேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்க்கா. கேக்கலையே" என்றாள்.

"பாருங்க சிஸ்டர், சரின்னுதானே சொல்லியிருப்பா" என்று வெளியே வந்து முனகினேன்.

"அவ குடுத்தா அது சம்மதம். நீயா எடுத்தா அதுக்குப் பேரு வேற" என்றார்.

அன்றிலிருந்து மைப்பெட்டி சிஸ்டரின் பையில்தான் இருக்கும். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது வெளியே வரும். "சிஸ்டர், ஒப்பிக்கிற பரீட்சை முடிஞ்சுதா?" என்று டாக்டர் கேலி செய்வார். "முடிஞ்சுது டாக்டர். அந்தம்மா நல்லாத்தான் கேட்டுச்சு. புரியுற மாதிரி சொல்லிக்குடுக்காத நீங்கதான் பெயில்" என்பார்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சட்டம் பேசுகிறவர் இல்லை. தாண்டிக்குடி காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ரத்தப்போக்கு, நினைவில்லை. நான் பேப்பரைத் தேடினேன். "பேப்பர் தேடுற நேரமா பாக்கியம் இது, தூக்கு!" என்று கத்தினார். நாலு நாள் கழித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னைக் கேக்காமத்தான் இதெல்லாம் செஞ்சோம்மா" என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

எப்போது கேட்பது, எப்போது தூக்குவது என்று எப்படித் தெரியும் என்றேன். "பேப்பர் சட்டத்துக்கு. நாம எப்படிப்பட்ட ஆளுங்கிறது அதுல எழுதியிருக்காது. விரல் உருட்டப் பழகினேல்ல, அது மாதிரி இதையும் பழகணும்" என்றார்.

போன மாதம் வயிற்றுக் கட்டிக்காக மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த சிஸ்டருக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். நான்தான் துணைக்கு இருந்தேன். மருந்து மயக்கத்தில் கிடந்தார். தம்பி பேப்பரையும் மைப்பெட்டியையும் என்னிடம் கொடுத்தார். "பாக்கியக்கா, என் கையெழுத்து மட்டும் பத்தாதாம். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே. இப்பவே விரலை வச்சு வாங்கிருங்க. முழிச்சா வேண்டாம்னு சொல்லிரும்."

அவர் பிழைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டேன்.

சாயங்காலம் கண் விழித்தார். எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்து, மெதுவாக அவரே திருப்பிச் சொன்னார். "மறுபடி வயித்தைத் திறப்பாங்க. பிழைச்சா கொஞ்ச மாசம், அதுவும் படுக்கையில. இல்லாட்டி வெரசா போயிருவேன். சரியா சொன்னேனா பாக்கியம்?"

"சரி சிஸ்டர்."

"அப்ப வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

அடுக்கம் கிராமத்தில் தம்பி வீட்டில் பதினோரு நாள் இருந்தார்.

கல்லறையில் தம்பி என்னிடம், "ஒரு விரல் வச்சிருந்தா எங்கக்கா இருந்திருக்கும்" என்றார். சிஸ்டர்தானே வேண்டாம் என்றார் என்று சொல்லித் தப்பிக்க வாயெடுத்தேன். சொல்லவில்லை. "இருந்திருக்கலாம் தம்பி" என்றேன். பெட்டியை மூடியது என் கை.

அவருடைய சேலையோ ஜெபமாலையோ நான் கேட்கவில்லை. குளிப்பாட்டும்போது அவர் வலது கையை நான்தான் கழுவினேன். பெருவிரலில் மை இல்லை. அவர் ஞாபகமாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.