செல்லம்மா கை

போன கிழமை பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். ஆலைத் தொழிலாளர்கள் புது மிஷின்களைச் சில இடங்களில் ஏற்றுக்கொள்வதும் சில இடங்களில் எதிர்ப்பதும் ஏன் என்று ஆராய்ச்சி செய்கிறானாம். கண்டி டவுனில் பழைய தேயிலைத் தோட்டத்து ஆட்களைத் தேடி அலைந்து என்னைப் பிடித்திருக்கிறான். கதிரையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையில் ஒரு தேயிலைத் தண்டு மிதந்தது. அதை விரலால் எடுத்துச் சுண்டிவிட்டு, "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு மிஷின்னாலே பயம்தானேம்மா?" என்று கேட்டான்.

பயமாம்! நல்ல பிள்ளை என்பதால் திட்டாமல் அனுப்பினேன். ஆனால் அந்தத் தண்டு என்னை விடவில்லை. உங்களிடமாவது கொட்டித் தீர்க்கிறேன்.

ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கம்பி வந்தபோது நான் சின்னப் பிள்ளை. அதற்கு முன்னால் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்குகிற சரிவில், கால் நிறைய அட்டையோடு இறங்கவேண்டும். மலை உச்சியிலிருந்து ஸ்டோர்வரை இரும்புக் கம்பி கட்டி, கொக்கியில் மூட்டையை மாட்டி விட்டார்கள். சர்ரென்று பறந்தது! தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நாங்கள் குடியிருந்த லயமே திரண்டு வந்து கம்பித் தூணுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தது. பேச்சியக்கா சத்தமாகச் சொன்னாள்: "அந்தக் கங்காணியையும் கொக்கியில மாட்டி விடுங்கப்பா. தொரைகிட்ட கோள் சொல்லச் சீக்கிரமா போய்ச் சேரட்டும்!" கங்காணி பக்கத்திலேயே நின்றார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதுதான் எங்கள் பயம்.

தலைப்பாரத்தை இறக்குகிற மிஷினை யார் வேண்டாம் என்பார்கள்? உட்கார்ந்த இடத்தைப் பிடுங்குகிற மிஷின் வேறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஸ்டோரில் தண்டு பொறுக்கப் போனேன். காய்ந்த தேயிலையைத் தரையில் குவித்துச் சுற்றி உட்கார்ந்து, சிவப்புத் தண்டுகளைத் தனியே எடுக்கிற வேலை. அந்த அறையின் சூடான வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. தூசியும் இருக்கிறதுபோல, தேயிலைப் பேணியைத் திறந்தாலே தும்முகிறேன். அப்போதும் அப்படித்தான். நான் தும்மினால் குவியல் பறக்கும். அதனால் என்னைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் நடக்கிற கதைக்கெல்லாம் கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்ப்பேன்.

வெளியே மலையில் கொழுந்து பறிக்கப் போனால் மழையும் குளிரும். உள்ளே கூரை, சூடு, உட்கார இடம். அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் அங்கே அனுப்புவது வழக்கம். எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எந்தத் துரைக்கும் தெரியாது. யார் கை மெதுவோ, அந்தக் கைதான் எல்லாருக்கும் அளவு. அவள் தட்டு நிறையும் முன்னால் வேறு எவள் தட்டும் நிறையக்கூடாது. காலையில் உட்கார்ந்ததும் "இன்னைக்கு யாரு கை?" என்று ஒருத்தி கேட்பாள். ஒருத்தி பெயர் சொல்வாள். அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க என் அண்ணன் பெண்சாதியின் கை. செல்லம்மா கை. அண்ணிக்கு அது நிறைமாதம்.

அந்த நேரத்தில்தான் தண்டு பிரிக்கிற மிஷின் வந்தது. ஒருத்திகூட அதன் கிட்டே போகவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், வாய்க்காரர். அறைவாசலில் நின்று சவால் விட்டார்.

"மெசின் வேண்டாமோ? அப்ப மெசினை வெண்டு காட்டுங்கோ பாப்பம். வெண்டால் அது திரும்பிப் போகும். தோத்தால் எல்லாரும் மலைக்கு."

"அது பொறுக்குன தேயிலையை நீங்களே குடிங்க ஐயா. தொண்டையில தண்டு குத்துனா எங்களைக் கூப்பிடாதீங்க" என்றாள் பேச்சியக்கா.

அடுத்த நாள் திருவிழாதான்! ஒரே அளவில் இரண்டு குவியல். ஒன்று மிஷினுக்கு, ஒன்று எங்களுக்கு. கொழுந்து அரைக்கிற ஆட்கள், விறகு போடுகிறவர்கள் எல்லாரும் வாசலில். ஒருவன் தன் புகையிலைப் பொட்டலத்தையே மிஷின் மேல் பந்தயம் கட்டினான். அவன் பெண்சாதி உள்ளே எங்களோடு உட்கார்ந்திருந்தாள். "ராத்திரிச் சோத்தையும் அந்த மிஷினே போடும்யா!" என்று கத்தினாள். பெரிய துரையும் நாயோடு வந்து நின்றார்.

டீமேக்கர் கை காட்டினார். மிஷின் தடதடவென்று ஆடத் தொடங்கியது. நாங்களும் பாய்ந்தோம்.

அப்படி ஒரு வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. கைகள் கோழி கொத்துவதுபோல் கொத்தின. அண்ணி மூச்சு வாங்கினாள். பேச்சியக்கா அவள் பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ சும்மா உக்காருடி தாயி. ஒன் தண்டை நாங்க பாத்துக்கிறோம்." எல்லாரும் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டோம். நானும்தான். எனக்குத் தும்மல்கூட வரவில்லை என்றால் பாருங்கள்!

அன்று மூடுபனி. தேயிலை ஈரம் பிடிக்க, மிஷின் தண்டையும் இலையையும் சேர்த்தே துப்பியது. பிறகு அதன் சக்கரத்து வார் கழன்றது. அதை மாட்டி முடிப்பதற்குள் எங்கள் குவியல் தீர்ந்தது. வாசல் அதிர்ந்தது. பேச்சியக்கா புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷினைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். புகையிலைக்காரனை அவன் பெண்சாதி பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

துரை கைதட்டினார். தன் உடைந்த தமிழில், "ரொம்ப நல்லது! இந்த வேகம் இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சது?" என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாராட்டு என்று நினைத்துவிட்டோம், மடச்சிகள்.

அவர் சிரிக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்த செல்லம்மாவிடம் அவர் கண் நின்றது.

மறுநாள் காலை ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் டீமேக்கர் பெயர் கூப்பிட்டார். வேகக் கைகளுக்கு ஸ்டோர். மற்றவர்களுக்கு மலை. இந்த வேகத்துக்குப் பாதிப் பேரே போதுமாம். மீதிப் பாதி போனார்கள். அண்ணி பெயரும் மலையில்தான். பேச்சியக்கா ஓடினாள்: "ஐயா, என் எடத்துல அவளை உக்கார வையுங்க. நான் மலைக்குப் போறேன்."

"உன்னை விட்டால் வேகம் போயிடும். அவள் நேத்துச் சும்மாதானே இருந்தவள்?"

எங்கள் அன்பையே சாட்சியாக வைத்து அவளை விரட்டிவிட்டான் அந்த டீமேக்கர். அவன் இவன் என்றுதான் எழுதுவேன். மரியாதை கேட்காதீர்கள்.

அண்ணி கம்பளியைத் தலையில் போட்டுக் கூடையை எடுத்தாள். "ஜெயிச்சுட்டீங்கள்ல, நல்லா உக்காந்து பொறுக்குங்கடி" என்றாள். அவள் மழையில் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, மிஷினைப் பெட்டியில் போட்டுக் கண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை லயத்தில் நல்லபடியாகப் பிறந்தது. அதில் ஸ்டோருக்கு ஒரு பங்கும் இல்லை.

பிறகு வேறு மிஷின்கள் வந்தன. அந்த அறையும் போனது. அவையெல்லாம் வருவதற்கு முன்பே எங்களிடமிருந்து போய்விட்ட ஒன்று இருந்தது. அண்ணி போன சில மாதம் கழித்து வேகக் கை என்று எடுத்த இன்னொரு பிள்ளைத்தாய்ச்சி எங்களோடு வந்து உட்கார்ந்தாள். பழைய நினைப்பில், "இன்னைக்கு யாரு கை?" என்று கேட்டாள். பேச்சியக்காகூட நிமிரவில்லை. பிந்தினால் மலை என்று எல்லாரும் அவரவர் தட்டையும் பக்கத்துத் தட்டையும் பார்த்துக்கொண்டு பொறுக்கிக்கொண்டிருந்தோம்.